பெண்கள் பக்கத்துக் கிணறு

கூழாமடு, முசலி
12.01.2024

தங்கச்சி உம்மு குல்சூமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். சில எழுத்து நிற்கிறது, சில எழுத்து படுத்துவிட்டது. ஆனால் இதை எழுதுவது மகன் பைசர் இல்லை. உன் காக்கா அபூசாலி, தன் கையால் எழுதுகிறேன். எழுபத்துநாலு வயது வரைக்கும் பெருவிரலை மையில் தோய்த்த கை இது.

போன வருடம் இங்கே பெரியவர்களுக்கு வகுப்புத் தொடங்கினார்கள். சிலாவத்துறையில் இருந்து அன்ரோனெற் ரீச்சர் சனிக்கிழமைகளில் வருகிறார். முதல் நாள் நான் குர்ஆன் ஓதிப் படித்த பழக்கத்தில் கடதாசியின் வலது ஓரத்தில் பேனையை வைத்துவிட்டேன். ரீச்சர் பார்த்துவிட்டு, "ஐயா, தமிழுக்கு அந்தப் பக்கத்தால ஏறேலாது, சுத்தி வாங்கோ" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மூத்தவாப்பா காடு வெட்டி எடுத்த காணியை நான் திரும்ப வெட்டுகிறேன். தொண்ணூறில் ஊரையே வெளியேற்றியபோது நாங்கள் விட்டுப்போன பிறகு வளர்ந்த காடு, உள்ளே வெயிலே விழாது. காணிக்குப் பொறுப்பான அதிகாரிப் பிள்ளை, யதுர்சிகா என்று பெயர், வந்து பார்த்தது. "ஐயா, இதுக்குள்ள ஆக்கள் இருந்தவை எண்டதுக்கு ஏதாவது காட்டுங்கோ. அத்திவாரமோ கட்டின கிணறோ. யூலையில திரும்ப வாறன். ஒண்டும் இல்லாட்டிக் காடு எண்டுதான் எழுதுவன்" என்று சொல்லிப் போனது. மண்வீடு மண்ணோடு போய்விட்டது. கிணறு கல் கட்டினது, அது எங்கும் போயிருக்காது.

காணியை உன் பெயரில்தான் கேட்டிருக்கிறேன். அது உன் சீதனக் காணி. நான் கலியாணம் முடித்த அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போனவன், எனக்கு அதில் ஒரு பிடி மண்ணும் இல்லை. யூலையில் காணிக்காரி நேரில் நிற்க வேண்டுமாம். நீ வர வேண்டும்.

கிணறு எங்கே இருந்தது? சிரிக்காதே. ஊர்ப் பெண்கள் எல்லாரும் குளித்த கிணறு, இரட்டைக் கிடுகுவேலி. சுன்னத்து முடிந்த பிறகு உம்மா என்னை அந்த வேலிக்குள் விட்டதேயில்லை. வாளி விழுகிற சத்தம்தான் எனக்குத் தெரியும். அதில் குளித்த நம் வீட்டுப் பெண்களில் நீ ஒருத்திதான் மிச்சம். விபரமாக எழுது.

வஸ்ஸலாம்.
உன் காக்கா
அபூசாலி (இந்தப் பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுதுவேன்)


புத்தளம்
30.01.2024

அன்புள்ள காக்காவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லாரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசுங்கோ.

கடிதத்தை முற்றத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்து மூன்று தரம் வாசித்தேன். ஜெஸ்லியா, "உம்மா, மாமா எழுதினதா? பொய்" என்றாள். நான் அழவில்லை, தூசி. உங்கள் எழுத்துப் பெரிதாக இருக்கிறது, நல்லது. இன்னும் பெரிதாக எழுதினாலும் பரவாயில்லை.

எனக்கு ஏன் காக்கா இப்போது காணி? முப்பது வருடத்துக்கு மேலாக இங்கேதான் மீன் வாங்குகிறேன், இங்கேதான் மரணவீட்டுக்குப் போகிறேன். நீங்களும் மச்சி மௌத்தான பிறகு அங்கே தனியாகக் கொட்டிலில் கிடக்கிறீர்கள். இங்கே வந்துவிடுங்கோ. பின்னறை சும்மாதான் இருக்கிறது.

பைசரின் மீன் லொறி ஓடுகிறதா? முருங்கை வைத்தீர்களா? அந்தப் பாலை மரம் இருக்கிறதா?

துஆவுடன்,
உம்மு குல்சூம்


கூழாமடு
20.02.2024

தங்கச்சிக்கு ஸலாம். இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பாலை மரம் இருக்கிறது. அதன் கீழேதான் சாப்பிடுகிறேன். கிணற்றைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

கோடரியைத் தூக்கும்போதெல்லாம் மூத்தவாப்பா சேகு மதாரை நினைக்கிறேன். எருக்கலம்பிட்டியில் இருந்து தோணியில் வந்து இறங்கினாராம். ஒரு கோடரி, ஒரு நாம்பன் மாடு, புதிதாகக் கலியாணம் முடித்த பெண். காடு வெட்டிக் கிணறு தோண்டி மூன்று மாரி அசையாமல் இருந்து காட்டினால் காணி எழுதித் தருவோம் என்று வெள்ளைக்காரனின் ஆள் சொன்னானாம். யானைக்குப் பயந்து இந்தப் பாலையில்தான் பரண் கட்டிப் படுத்தார்கள். காய்ச்சலில் மூத்த பிள்ளை மௌத்தானது. தோண்டிய முதல் கிணறு உப்பு. அடுத்தது பாறை. அந்த மனிதன் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது கிணறு நல்ல தண்ணீர். அந்த இரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது என்று பைசரிடம் சொன்னேன். "இரத்தம் ஓடட்டும் வாப்பா, நீங்க ஓடாதேங்கோ, விழுந்துருவீங்க" என்கிறான்.

மண் வெட்டுகிற பெக்கோ மெசின் கொண்டுவந்து முழுவதையும் கிண்டிப் பார்ப்போம் என்று அவன் நிற்கிறான். நான் விடவில்லை. பெக்கோவின் வாய்க்குக் கிணற்றுக் கல்லும் காட்டுக் கல்லும் ஒன்றுதான். எல்லாம் நொறுங்கிய பிறகு யதுர்சிகாவுக்கு எதைக் காட்டுவது?

பாலைக்குப் பக்கத்தில் கிண்டிப் பார்த்தேன். கறையான் புற்றுத்தான். வேறு பக்கம் பார்ப்பேன்.

நாளை உடைமுள் வெட்ட வேண்டும், கைக்கு ஓய்வு கொடுக்கிறேன்.
அபூசாலி


புத்தளம்
24.03.2024

காக்காவுக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. நீங்கள் தனியாக எதைக் கொண்டு நோன்பு திறக்கிறீர்களோ என்று மகளும் நானும் பேசிக்கொள்வோம்.

பெருநாளைக்காவது வாருங்கோ. வந்தால் திரும்பிப் போக வேண்டாம். காடு காடாக இருக்கட்டும்.

மறக்கவில்லை. எழுத வரவில்லை.

உம்மு குல்சூம்


கூழாமடு
15.04.2024

தங்கச்சிக்குப் பெருநாள் ஸலாம். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம்.

பெருநாளுக்கு வராததற்குக் கோபிக்காதே. வந்தால் நீ கதவைப் பூட்டிவிடுவாய் என்று தெரியும்.

சனிக்கிழமை எனக்குப் பெரிய சந்தோசம். உன் கடைசிக் கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினேன். "பாருங்கோ, எட்டாம் வகுப்புப் படிச்ச என்ர தங்கச்சிட எழுத்து என்ர எழுத்தைவிட மோசம்" என்றேன். வரி மலையேறுகிறது. ஒரு சொல்லின் மேலே இன்னொரு சொல் ஏறி இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போன பெண்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நீ. எனக்கு வாசிக்கத் தெரியாத காலத்திலேயே உன் எழுத்து, சரம் கட்டிய பூ மாதிரி என்று தெரியும். வயது போனால் கை சோம்பல்படும். என்னிடம் வா, ரீச்சரிடம் சேர்த்துவிடுகிறேன்.

பூவரசு நின்ற பக்கத்திலும் கிண்டினேன். வறண்ட மண். ஆனால் பழைய வீட்டின் வாசல்கல் அகப்பட்டது. கறுப்புக் கல், நடுவில் தேய்ந்தது. அதில் கொஞ்ச நேரம் இருந்தேன். யதுர்சிகாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஐயா, தனிக் கல்லை ஆரும் எங்கயிருந்தும் கொண்டுவந்து போடலாம்" என்கிறது. அதுவும் சரிதான்.

நேராகக் கேட்கிறேன். வாசல்கல்லில் இருந்து எந்தப் பக்கம்?

பதில் பார்த்திருக்கும்
அபூசாலி


கூழாமடு
06.05.2024

தங்கச்சிக்கு ஸலாம்.

பதில் இல்லை. நான் விளையாட்டுக்குச் சொன்னதைப் பெரிதாக எடுத்துவிட்டாயோ தெரியாது. சிக்னல் கிடைக்கிற குளக்கட்டில் ஏறி நின்று ஜெஸ்லியாவின் தொலைபேசிக்கு எடுத்தேன். "உம்மா படுத்திட்டா மாமா" என்றாள். பின்னேர அஸர்த் தொழுகை நேரம் கூட ஆகவில்லை.

காணி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுது. அப்படி எழுதினாலும் நான் வெட்டுவதை நிறுத்த மாட்டேன். ஆனால் யாருக்காக வெட்டுகிறேன் என்று தெரிந்துகொள்வேன்.

அபூசாலி


புத்தளம்
20.05.2024

பேரன்புள்ள காக்கா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.

காணி விடயமாகத் தாங்கள் எடுக்கும் சிரமத்துக்கு நன்றி. எனது உடல்நிலை காரணமாக யூலை மாதம் அங்கு வரமுடியாத நிலையில் உள்ளேன். தயவுசெய்து குறை நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உம்மு குல்சூம்


கூழாமடு
28.05.2024

தங்கச்சிக்கு ஸலாம்.

இது உன் எழுத்து இல்லை. உன் சொல்லும் இல்லை. நீ என்னை எப்போது "தாங்கள்" என்றாய்?

முந்திய காலமாக இருந்தால் என்னை ஏமாற்றியிருக்கலாம். யாரோ வாசிப்பார், நான் தலையாட்டுவேன். இப்போது உன் நாலு கடிதத்தையும் பாலை மரத்தின் கீழே அடுக்கிவைத்துப் பார்த்தேன். நாலு இல்லை, மூன்று. முதலாவதில் எழுத்து நேராக நிற்கிறது. இரண்டாவதில் மலையேறுகிறது. மூன்றாவது வேறு ஆள், அச்சுப் போல. முதலாவதில் வெயிலுக்குக் கொண்டுபோய் வாசித்ததாக எழுதியிருக்கிறாய். பெரிதாக எழுதச் சொன்னாய். நான் என் எழுத்தைப் புகழ்கிறாய் என்று நினைத்து நாலு நாள் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

உம்மு குல்சூம், உன் கண்ணுக்கு என்ன?

ஜெஸ்லியா மகள், இதை நீதான் வாசிப்பாய். ஒரு சொல்லும் விடாமல் வாசி. பதிலை அவள் சொல்லுகிற மாதிரியே எழுது. அலங்காரம் வேண்டாம்.

காத்திருக்கிறேன்.
காக்கா


புத்தளம்
09.06.2024

காக்கா, ஸலாம். ஜெஸ்லியாதான் எழுதுகிறாள். நான் சொல்வதை அப்படியே எழுதுவதாகச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு கண்ணிலும் புரை. ஆட்கள் நடந்தால் நிழல் நடக்கிற மாதிரி. முகம் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்கலாம் என்கிறார்கள். கண்ணில் கத்தியா என்று நான் போகாமல் இருக்கிறேன். உங்களுக்குச் சொன்னால் காட்டைப் போட்டுவிட்டு ஓடிவருவீர்கள். அப்படி வரவேண்டும் என்று ஒரு மனம் ஆசைப்பட்டது. அப்படி வரக்கூடாது என்று மற்ற மனம் வாயைப் பொத்தியது. அதோடு வெட்கம். குருடி காட்டுக்குள் வந்து எந்தக் கிணற்றைக் காட்டுவது? எனக்குப் பக்கமும் திசையும் சொல்லத் தெரியாது. விடியக்காலையில் அரைத்தூக்கத்தில் குடத்தோடு போனவள் நான். வழி என் காலுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் மூத்தவாப்பாவைப் பற்றி எழுதினதை மகள் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு. அது ஆண்களின் கதை காக்கா. கிணற்றடியில் உம்மா எங்களுக்குச் சொன்னது வேறு.

பிள்ளை மௌத்தாகி, இரண்டு கிணறும் வீணாய்ப் போனதும் மூத்தவாப்பா திரும்பிப் போக முடிவெடுத்துவிட்டார். மாட்டை விற்க, தோணி பேச என்று கரைக்குப் போனார். பெண்சாதியைச் சாமான் கட்டிவைக்கச் சொல்லிப் போனார். அவள் கட்டவில்லை. "என்ர பிள்ளை இந்த மண்ணுக்குள்ள கிடக்கு, நான் எங்க போற?" என்று சமைக்கிற குசினிக்குப் பின்னால் தானே தோண்டத் தொடங்கிவிட்டாள். ஆளில்லாத காட்டில் யாருக்கு மறைவு, கைக்கு எட்டின இடத்தில் தோண்டினாள். அவர் தோணி பேசி முடித்து வந்து பார்த்தால் மனுசி இடுப்பளவு குழிக்குள் நிற்கிறாள். "ஏறு, போவம்" என்றாராம். "தண்ணி வந்தா ஏறுவன்" என்றாளாம். வேறு வழியில்லாமல் அவரும் இறங்கினார். அதனால்தான் கிணறு பெண்கள் பக்கத்தில் இருக்கிறது. அவள் பெயர் செய்னம்பு. ஆண்கள் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதைச் சொல்லி முடித்த பிறகு என் வாயே என்னைக் கேட்டது, அப்படியென்றால் நீ ஏன் இங்கே படுத்திருக்கிறாய் என்று.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிய வாறன். மகள் கூட்டிவருவாள். கொட்டிலில் இரண்டு பாய் போடுங்கோ.

உங்கள் தங்கச்சி
(கீழே உள்ள கோடு நான் போட்டது. பெயர் எழுதப் பார்த்தேன்.)


கூழாமடு
14.06.2024

தங்கச்சி, ஸலாம்.

இத்தனை காலம் பிழையான ஆளைப் புகழ்ந்திருக்கிறேன். பைசரிடம் சொன்னேன். "அப்ப வாப்பா, உங்களுக்குள்ள ஓடுறது ஆர்ட இரத்தம்?" என்று கேட்கிறான். செய்னம்பு என்று கடதாசியில் பெரிதாக எழுதிப் பாலை மரத்தில் கட்டியிருக்கிறேன். குசினிப் பக்கம் எது என்று இந்தக் காட்டுக்குள் இன்னும் பிடிபடவில்லை, நீ வந்துதான் காட்ட வேண்டும்.

பாய் புதிது வாங்கியாகிவிட்டது. ஒரு நிபந்தனை. கிணறு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ கண்ணை வெட்ட வேண்டும். ஒத்துக்கொண்டால் மட்டும் பஸ் ஏறு.

அபூசாலி


கூழாமடு
21.07.2024

அன்புத் தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை ஜெஸ்லியா சொன்னாள். வருகிற செவ்வாய்க்கிழமை முதலாவது கண்ணை வெட்டுவதாகவும் சொன்னாள். பயப்படாதே. பயந்தாலும் போ.

புதன்கிழமை நீயும் இங்கேதான் நின்றாய். ஆனால் நீ பார்க்காதது நிறைய. அதை எழுதுகிறேன்.

யதுர்சிகா வந்து இறங்கியபோது முகத்தில் நம்பிக்கை அவ்வளவாக இல்லை. உன் கண்ணைப் பார்த்ததும் இருந்ததும் போய்விட்டது. என்னைப் பார்த்து ஒருமாதிரிச் சிரித்தது. உன்னை வாசல்கல்லில் நிறுத்தினோம். நீ இரண்டு அடி வைத்தாய், நின்றாய், திரும்பினாய், மறுபடி நின்றாய். அந்தப் பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தது. அப்போது நீ, "இடுப்பில குடம் இல்லாமக் கால் போகுதில்ல. ஒரு குடம் தாங்கோ" என்றாய். பைசர் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானைக் கொண்டுவந்தான். நீ தடவிப் பார்த்துத் தூக்கி எறிந்தாயே, அது அந்தப் பிள்ளையின் காலடியில் போய் விழுந்தது. பிள்ளை கோபிக்கவில்லை. தானே ஓடிப்போய்ப் பக்கத்து வளவில் அலுமினியக் குடம் வாங்கிவந்தது.

குடத்தை இடுப்பில் வைத்ததும் உன் முதுகு நிமிர்ந்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண் நடந்த மாதிரி நடந்தாய். குசினி இருந்த இடத்தில் தலையைக் குனிந்தாய். அங்கே நிலையும் இல்லை, கூரையும் இல்லை. நாங்கள் எல்லாரும் பின்னால் வந்தோம். பிறகு நான் மட்டும் நின்றுவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த இடத்தில்தான் முந்தி கிடுகுவேலி இருந்தது. கால் அதைத் தாண்டவில்லை. நீ திரும்பாமலே, "காக்கா, வாங்கோ. இப்ப ஒருத்தியும் குளிக்கேல்ல" என்றாய். யதுர்சிகா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த கடதாசிக் கோவை கீழே விழுந்தது. அதையும் நீ பார்க்கவில்லை.

உடைமுள் பற்றைக்கு முன்னால் நீ குடத்தை இறக்கி, "இதில வழுக்கும், பாத்து" என்றாய். முப்பது வருடமாகக் காய்ந்து கிடந்த மண் அது. பைசர் பற்றையை வெட்டி அலவாங்குக் கம்பியை இறக்கினான். முதல் குத்துக்கு மண். அடுத்ததும் மண். மூன்றாவது குத்துக்குக் கல் கேட்டது. அந்தச் சத்தத்தை நீயும் கேட்டாய். ஆனால் வளைந்த கட்டு வெளியே வரத் தொடங்கியபோது அதன் உள்விளிம்பில் கயிறு அறுத்த தடங்கள் இருந்தன. எத்தனை பெண்களின் கயிறோ. யதுர்சிகா முழங்காலில் நின்று அந்தத் தடத்துக்குள் விரலை வைத்துப் பார்த்தது. எழும்பி எழுதத் தொடங்கியது. பார்த்தேன், எனக்கு இப்போது தலைகீழாகவும் வாசிக்க வரும். "குடியிருந்த காணி" என்று எழுதியது.

பிறகு கையெழுத்து. நீ பேனையை வாங்கி, கடதாசி எங்கே என்று தேடி, திரும்பக் கொடுத்துவிட்டாய். பெருவிரலை நீட்டினாய். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கை. நான் உன் விரலைப் பிடித்து மையில் வைத்தபோது, "என்ன காக்கா கை நடுங்குது, அலவாங்கு பிடிச்சது பைசர்தானே?" என்று கேட்டாய். இப்போது சொல்கிறேன். அந்த மை எனக்குப் பழக்கம், உன் விரலில் அதைப் பார்க்கத்தான் பழக்கம் இல்லை.

அடுத்தது சாட்சி. அந்தப் பிள்ளை பழக்கத்தில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளியது. நான் அதைத் திரும்பத் தள்ளிவிட்டுப் பேனையைக் கேட்டேன். சந்தோசத்தில் மறுபடியும் வலது ஓரத்துக்குப் போய்விட்டேன். நல்லவேளை, ஊன்றவில்லை. சுற்றி வந்து எழுதினேன். எல்லாரும் வெயிலில் நின்றார்கள். "ஆறுதலா எழுதுங்கோ ஐயா" என்றது பிள்ளை. ஆறுதலாகவே, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். பெருவிரலுக்குப் பக்கத்தில் அபூசாலி என்று இருக்கிறது. கண் திறந்ததும் நீ முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரு பிரதி கேட்டிருக்கிறேன்.

கிணற்றைப் பைசர் தூர் எடுக்கிறான். ஈரமண் வரைக்கும் வந்துவிட்டது. தண்ணீர் வந்தால் ஏறுவேன் என்று அவன் உள்ளே இருந்து கத்துகிறான்.

இந்தக் கடிதத்தை ஜெஸ்லியா வாசிக்கட்டும். அடுத்த கிழமை நான் எழுதுகிறதை அவள் உடைக்கக் கூடாது என்று சொல்லு. ஒரு பக்கத்தில் நாலு சொல் மட்டும் வருகிற மாதிரிப் பெரிதாக எழுதப் போகிறேன். அதை நீ முற்றத்துக்குக் கொண்டுபோகாமல், வீட்டுக்குள் இருந்தே வாசிப்பாய்.

வஸ்ஸலாம்.
உன் காக்கா
அபூசாலி